தெருவும் வீதியும் முடுக்கும்

சென்ற கோடை விடுமுறையில் என் மகளை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போயிருந்தேன். அம்பாசமுத்திரத்திற்கு அருகே, தாமிரபரணிக் கால்வாயை ஒட்டிய சிற்றூர் எங்களுடையது. மகளுக்கு வயது 12. கோபர்கைரனேயில் பிறந்து, இங்கேயே பள்ளிக்குச் சென்று வளர்ந்தவள். ஒருநாள் காலை என் தாயார் ஒரு தூக்குவாளியை அவள் கையில் கொடுத்து வழி சொன்னார்.

"ஏ பிள்ள, இந்த மோரைப் பெரிய தாத்தா வீட்டுல குடுத்துட்டு வா. நம்ம தெருக் கடைசியில ஒரு முடுக்கு வரும். அதுக்குள்ள நுழைஞ்சு போனா சந்தியில கொண்டு விட்டுரும். அங்கன இருந்து ரதவீதிக்குப் போயிராத. வாய்க்காத் தடத்தோட போ, நாலாவது வீடு."

"சரி ஆச்சி" என்று புறப்பட்டவள் அரைமணி நேரம் கழித்து வாளியும் கையுமாகத் திரும்பி வந்தாள். முகம் வாடியிருந்தது. "முடுக்குன்னு எங்கேயும் போர்டு இல்லையே ஆச்சி" என்றாள். முடுக்கு என்பது ஒரு தெருவின் பெயர் என்று அவள் எண்ணிவிட்டாள். கையிலிருந்த தொலைபேசியின் வரைபடத்திலும் தேடிப் பார்த்திருக்கிறாள், அதிலும் அகப்படவில்லை. வீட்டில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அவள் கண்ணில் நீர் நிறைந்தது.

குற்றம் அவளுடையதன்று. வாஷியிலிருந்து ஐரோலி வரை துணையின்றிப் போய்வரக் கூடிய பெண் அவள். தன் பாட்டனார் பிறந்த ஊரில், தன் தாய்மொழியில் சொல்லப்பட்ட வழி அவளுக்கு விளங்கவில்லை. முடுக்கு, சந்தி, ரதவீதி, தடம் ஆகிய நான்கு சொற்களில் ஒன்றையேனும் நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. எங்கள் வீட்டில் எல்லாம் 'ரோடு' தான். நம்மில் பலர் வீட்டிலும் நிலைமை இதுவாகவே இருக்கும் என்று எண்ணுகிறேன்.

எண்களால் ஆன ஊர்

நாம் வாழும் இவ்வூர் வழிகளுக்குப் பெயர் வைத்து வளர்ந்த ஊரன்று. தாணே கடற்கழியின் கீழ்க்கரையில் புதிய நகரம் ஒன்றை அமைப்பதற்காக 1970-ஆம் ஆண்டில் சிட்கோ நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டது. 1973-இல் வாஷிப் பாலம் திறக்கப்பட்டது. நகரம் பல பகுதிகளாகவும், ஒவ்வொரு பகுதியும் பல செக்டர்களாகவும் வகுக்கப்பட்டன. 2004-இல் தாணேயிலிருந்து மின்சார ரயிலும் வந்து சேர்ந்தது. இங்கே ஒருவர் வீட்டைக் கண்டுபிடிக்கச் செக்டர் எண், மனை எண், கட்டட எண் ஆகிய மூன்றும் போதும். மொழி தெரியாதவரும் எண்ணைக் காட்டி வந்து சேர்ந்துவிடலாம். பிழைக்க வந்தவர்களுக்கு இது பெரிய வசதி என்பதை மறுக்க முடியாது.

ஆயினும் எண்ணானது வழியின் இயல்பைச் சொல்லுவதில்லை. அது அகலமா குறுகலா, வண்டி போகுமா ஆள்தான் போகலாமா, ஊருக்குள் கொண்டு சேர்க்குமா வயலுக்குக் கொண்டு போகுமா என்பவற்றை எண்ணைக் கொண்டு அறிய இயலாது. நம் முன்னோர் வைத்த சொற்கள் இவற்றையெல்லாம் ஒரே சொல்லில் அறிவித்தன.

வயலிலிருந்து ஊருக்கு

ஓர் உழவர் தம் வயலிலிருந்து வீட்டுக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். முதலில் அவர் நடப்பது வரப்பு. வரப்பிலிருந்து இறங்கினால் ஒற்றையடிப் பாதை. ஒருவர் பின் ஒருவராக நடந்த கால்களே அமைத்த பாதை ஆகையால் அதற்கு அப்பெயர் வந்தது. பின்னர் மாடும் வண்டியும் போய்ப் போய்ப் பதிந்த தடம். வண்டிச் சக்கரம் இரண்டு கோடுகளாக மண்ணை அழுத்தியிருந்தால் அதனை வண்டித்தடம் என்பர். கோயம்புத்தூர், ஈரோடு முதலிய கொங்குநாட்டுப் பகுதிகளில் இரு புறமும் வேலிக்கு நடுவே தோட்டங்களுக்குச் செல்லும் வழிக்கு இட்டேரி என்று தனிப்பெயர் உண்டு. அந்நாட்டிலிருந்து வந்து நம்மிடையே வாழும் அன்பர்களைக் கேட்டுப் பாருங்கள். 'இட்டேரி' என்று சொன்ன அளவிலே அவர்கள் முகம் மலர்வதைக் காண்பீர்கள்.

ஊருக்குள் வந்தால் தெரு. இரு மருங்கும் வீடுகள் வரிசையாக அமைந்த வழியே தெரு. மலையாளத்திலும் இச்சொல் 'தெருவு' என வழங்குகின்றது. இரண்டு தெருக்களை இணைக்கும் குறுகிய வழி சந்து. வழிகள் கூடும் இடம் சந்தி. மூன்று கூடினால் முச்சந்தி, நான்கு கூடினால் நாற்சந்தி. இரு வீட்டுச் சுவர்களுக்கு இடையே நெருங்கிச் செல்வது முடுக்கு. சந்துக்கும் முடுக்குக்கும் வேறுபாடு யாது என்று என் மகள் பின்பு தொலைபேசியில் ஆச்சியைக் கேட்டாள். "சந்துல வண்டி போவும். முடுக்குல ஆளுதான் போவும், எதுக்க ஒரு ஆளு வந்தா ஒதுங்கி நிக்கணும்" என்று விடை வந்தது. எந்த அகராதியும் இதைவிடத் தெளிவாகக் கூறிவிட முடியாது. ஊருக்கு ஊர் இவ்வழக்கு சற்று வேறுபடும்; அவ்வேறுபாடும் அறிந்துகொள்ளத் தக்கதே.

தேர் ஓடும் வீதி

வீதி என்பது வடமொழியிலிருந்து வந்து தமிழில் நிலைத்த சொல். அகன்று நேராகச் செல்லும் பெருந்தெருவை, சிறப்பாகத் தேரும் சுவாமியும் வலம்வரும் தெருவை, வீதி என்பது வழக்கம். சுவாமி எழுந்தருளுவதை வீதி உலா என்கிறோம். தெரு உலா என்று எவரும் சொல்வதில்லை. கூத்தாடுவதோ தெருக்கூத்து ஆயிற்று. ஒருவன் பொருளை இழந்து நின்றால் 'நடுத்தெருவில் நிற்கிறான்' என்கிறோம். குடும்பத்தின் பூசல் ஊரறிந்துவிட்டால் 'சந்தி சிரிக்கிறது' என்கிறோம். ஒவ்வொரு சொல்லுக்கும் அதற்குரிய இடத்தை மக்கள் வழக்கு இவ்வாறு வகுத்து வைத்திருக்கின்றது.

வீதிகளின் அமைப்பைக் கண்ணாரக் காண விரும்புவோர் மதுரைக்குச் செல்ல வேண்டும். நடுவே மீனாட்சி சுந்தரேசுவரர் திருக்கோயில். மதிலுக்கு உள்ளே ஆடி வீதி. வெளியே சித்திரை வீதி. அதனைச் சூழ ஆவணி மூல வீதி. அதற்கும் அப்பால் மாசி வீதி. பழைய கோட்டையின் எல்லையை ஒட்டி வெளி வீதி. மாதங்களின் பெயரே வீதிகளின் பெயராக இருப்பதால், எந்த விழா எங்கே நடந்தது என்பதை வழியே சொல்லிவிடுகின்றது. சித்திரைத் திருவிழாவின் தேர் மாசி வீதியில் ஓடுவதேன் என்று சிலர் வியப்பர். மாசியில் நடந்த விழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார் என்பது மதுரையார் சொல்லும் செய்தி. விழாவின் மாதம் மாறியது. வீதியின் பெயர் மாறவில்லை.

அந்நகரின் கோட்டை மதில் 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில், பிளாக்பர்ன் என்பவர் கலெக்டராக இருந்த காலத்தில் இடிக்கப்பட்டது. அப்பணியில் ஈடுபட்ட மாரட் என்னும் ஆங்கிலேயர் பெயரால் ஒரு வீதியும், பெருமாள் மேஸ்திரி பெயரால் ஒரு வீதியும் இன்றும் அங்கே உள்ளன. துரையின் பெயரோடு மேஸ்திரியின் பெயரும் நிலைத்தது மகிழ்தற்குரியது.

பெருவழியும் சாலையும்

ஊரை விட்டு வெளியே வந்தால் பெருவழி. நாட்டுக்கு நாடு வணிகர் கூட்டமாகச் சென்ற நெடும்பாதைக்கு இப்பெயர் வழங்கியது. கோயம்புத்தூருக்கு மேற்கே, பாலக்காட்டுக் கணவாயை நோக்கிச் செல்லும் வழியிலே, ஒரு பாறையில் இராசகேசரிப் பெருவழி என்னும் பெயர் வெட்டப்பட்டிருக்கின்றது. தமிழ் எழுத்திலும் வட்டெழுத்திலும் அதனைக் காணலாம். தருமபுரிப் பகுதியில் அதியமான் பெருவழிக்குரிய காதக் கற்கள் கிடைத்துள்ளன. அவற்றுள் ஒன்று நாவல் தாவளம் என்னும் ஊருக்கு 29 காதம் என்று காட்டுகின்றது. எண்ணை எழுத்தில் பொறித்ததோடு அமையாமல், இரண்டு பெரிய குழிகளையும் ஒன்பது சிறிய குழிகளையும் அக்கல்லில் வெட்டியிருக்கிறார்கள். பெரிய குழி பத்தைக் குறிக்கும். சிறிய குழி ஒன்றைக் குறிக்கும். எழுத்தறியாத வழிப்போக்கனும் கையால் தடவி எண்ணிக்கொள்ளலாம். மராத்தி எழுத்துப் படிக்கத் தெரியாமல் தாதர் ரயில் நிலையத்தில் இறங்கி நின்ற நம் பெரியவர்களுக்கு, அக்கல்லை நட்டவனின் கருணை நன்கு விளங்கும்.

இன்று நாம் பெரிதும் வழங்கும் சாலை என்னும் சொல்லின் வரலாறு சுவையானது. பாடசாலை, தொழிற்சாலை, சத்திரம் சாலை என்று சொல்லும்போது சாலை ஓர் இடத்தையோ கட்டடத்தையோ குறிக்கின்றது. சென்னையில் தங்கசாலைத் தெரு என்று ஒரு தெரு இருக்கின்றது. அங்கே சாலை என்பது நாணயம் அடித்த இடம். வழியைக் குறிப்பது அதனை அடுத்து நிற்கும் 'தெரு'வே. மரங்கள் இரு புறமும் நின்ற நெடுவழிக்கும் சாலை என்ற பெயர் வழங்கியது. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் அமைத்த வழியைத் தென்னாட்டார் இன்றும் மங்கம்மாள் சாலை என்றே கூறுகின்றனர். பிற்காலத்தில் ஆங்கிலேயரின் 'ரோடு' என்பதற்கு இச்சொல்லே ஈடாக நின்றது. மவுண்ட் ரோடு அண்ணா சாலை ஆயிற்று. 'அவென்யூ' என்பதற்கு நிழற்சாலை என்று சென்னையில் பெயர்ப்பலகை எழுதியிருக்கிறார்கள், அழகிய சொல்.

இன்னும் பழைய நூல்களுக்குச் சென்றால் ஆறு, நெறி, அதர், சுரம், மறுகு, ஆவணம் என்று பல சொற்களைக் காணலாம். மறுகு என்பது தெரு. ஆவணம் என்பது கடைத்தெரு. சுரம் என்பது நீரற்ற நிலத்தின் வழி. வழி இரண்டாகப் பிரியும் இடத்திற்குக் கவலை என்று பெயர். எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நிற்பவனின் மனநிலைக்கும் அதே சொல் பொருந்தி வருவதைப் பாருங்கள். ஆறு என்னும் சொல் நீரோடும் ஆற்றையும் குறிக்கும். மக்கள் நடக்கும் வழியையும் குறிக்கும். பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுக்கள் ஆற்றுப்படை வகையைச் சார்ந்தவை. அவ்வகைப் பாட்டில், வள்ளலிடம் பரிசு பெற்று வரும் ஒருவன், வறுமையோடு எதிரே வரும் மற்றொருவனுக்கு வழி சொல்லுவான். "இன்ன ரயிலில் ஏறு, இன்ன இடத்தில் இறங்கு, இன்னார் பெயரைச் சொல்" என்று முன்னே மும்பைக்கு வந்தவர் பின்னே வருபவருக்குச் சொன்னதும் ஒருவகை ஆற்றுப்படையே அன்றோ?

கடல் கடந்த ஊர்களில்

தமிழர் சென்ற நாடுகளிலெல்லாம் இச்சொற்கள் உடன் சென்றன. புதிய சொற்களும் வந்து சேர்ந்தன. யாழ்ப்பாணத்தில் சிறு வழியை ஒழுங்கை என்பர். இலங்கைத் தமிழர் பெருஞ்சாலையை வீதி என்றே வழங்குகின்றனர். கொழும்பில் காலி வீதி, யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரி வீதி. கொழும்பில் ஆங்கிலத்தில் 'கடல் தெரு' எனப் பொருள்படும் பெயருடைய தெருவைத் தமிழர் செட்டியார் தெரு என்று அழைக்கின்றனர். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழர் நாவில் 'ஜாலான்', 'லோரோங்' என்னும் மலாய்ச் சொற்கள் இயல்பாக வருகின்றன. ஜாலான் என்பதற்கு நடத்தல் என்றும் பொருள் உண்டு.

நாமும் இவ்வாறே மராத்திச் சொற்களை அறிந்து போற்ற வேண்டும். நடந்து நடந்து உண்டான ஒற்றையடிப் பாதைக்கு அவர்கள் 'பாயவாட்' என்பர். நம் முடுக்கைப் போன்ற குறுகிய வழி 'போள்'. ஒரே தொழிலினரோ ஒரே இனத்தாரோ வரிசையாக வாழும் தெரு 'ஆளி'. புணேயில் செம்பு வேலை செய்வோர் வாழும் தாம்பட் ஆளி பெயர்பெற்றது. நம் புகார் நகரில் தொழிலுக்கு ஒரு பகுதியாக மக்கள் வாழ்ந்ததைச் சிலப்பதிகாரம் விரித்துரைப்பது இங்கே நினைவுக்கு வருகின்றது. 'நாக்கா' என்பது முன்பு வண்டிகளை நிறுத்தித் தீர்வை வாங்கிய இடம். செம்பூர் நாக்காவில் இறங்கும் நாம் அதனை எண்ணுவதில்லை. இன்றும் அன்றாட வேலைக்கு ஆள் தேடுவோரும் வேலை தேடுவோரும் கூடும் இடம் நாக்காவே.

இந்நகரின் சாலைகளுக்கும் ஒரு காரணம் உண்டு. 1896-இல் பம்பாயில் பிளேக் நோய் பரவியது. காற்றும் வெளிச்சமும் புகாத சந்துகள் நோய்க்கு இருப்பிடமாயின என்று கருதி, 1898-இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் ஒன்றை அரசாங்கம் அமைத்தது. தாதர், மாதுங்கா, சயான் பகுதிகளில் அகன்ற தெருக்களோடு குடியிருப்புகளைத் திட்டமிட்டு வகுத்தது அந்த டிரஸ்ட்டே. மாதுங்காவில் மரநிழலில் நடந்து காய்கறி வாங்கப் போகும் நம் பெண்மணிகள் அந்தத் திட்டத்தின் பயனையே நுகர்கின்றனர். தாராவியிலோ பெருஞ்சாலைகளுக்கு அகலமே பெயராயிற்று: 90 அடி ரோடு, 60 அடி ரோடு. அவற்றிலிருந்து உள்ளே திரும்பினால் இருவர் ஒருங்கே நடக்க முடியாத முடுக்குகள்.

"எந்தத் தெரு?"

இந்தச் சொற்களையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, தாராவியில் வாழும் பெரியவர் ஒருவரைக் காணச் சென்றேன். அவரும் திருநெல்வேலிச் சீமைக்காரர். தோல் பதனிடும் தொழிலில் நெடுநாள் உழைத்தவர். நான் மகிழ்ச்சியோடு படித்துக் காட்டியதை அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"தம்பி, நீங்க சொல்ற அந்த வீதியில எங்க அப்பா செருப்பைக் கையில எடுத்துக்கிட்டுத்தான் நடந்தாரு. ஊர்ல புதுசா ஒருத்தனைப் பார்த்தா 'எந்தத் தெரு?'ன்னு கேப்பான். என்ன சாதின்னு கேக்கறான்னு அர்த்தம். இங்க தொண்ணூறடி ரோட்டுல என்னை யாரும் அப்படிக் கேக்கல."

எனக்கு மறுமொழி தோன்றவில்லை. நான் சுவைத்து எழுதி வைத்த சொற்கள் அவருக்கு எத்தகைய நினைவைத் தரும் என்பதை நான் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. சேரி என்ற சொல்லின் கதையும் இதுவே. பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு, அந்தணர் வாழ்ந்த அவ்வூரில் 12 சேரிகள் இருந்தன என்று கூறுகின்றது. மக்கள் சேர்ந்து வாழும் பகுதி என்பதே அன்று அதன் பொருள். பின்னாளில் அச்சொல்லை ஊருக்கு வெளியே தள்ளி, அங்கே வாழ்ந்த மக்களையும் தள்ளி வைத்தார்கள்.

தெருவில் நடப்பதற்கே நம் நாட்டில் சட்டம் தேவைப்பட்டது. 1924-ஆம் ஆண்டில் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலையிலும் தெருவிலும் நடக்கவும், பொதுக் கிணற்றைப் பயன்படுத்தவும் எந்த வகுப்பாரையும் தடுத்தல் ஆகாது என்பது அதன் கருத்து, அது நிறைவேறியது. அதே ஆண்டில் திருவிதாங்கூரைச் சேர்ந்த வைக்கத்தில், கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் தொடங்கியது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஈ. வெ. ராமசாமி அதில் சிறைப்பட்டார். 1925 வரை அப்போராட்டம் நீடித்தது. நூறு ஆண்டுகள்தாம் கடந்திருக்கின்றன.

ஆதலால் இச்சொற்களைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும்போது, அவற்றின் அழகை மட்டும் சொல்லி நிறுத்துதல் முறையன்று. வீதியில் தேர் ஓடியதைச் சொல்லும் நாம், அவ்வீதியில் நடக்க விடாமல் தடுக்கப்பட்டவர் இருந்தனர் என்பதையும் சொல்ல வேண்டும். செக்டர் எண்ணால் ஒருவரை அறிந்துகொள்ளும் ஊரில் வாழ்வது ஒருவகையில் நமக்குக் கிடைத்த நன்மையே. முடுக்கு, தடம், இட்டேரி, ஒழுங்கை ஆகிய சொற்களை நாம் காப்போம். "எந்தத் தெரு?" என்ற அந்தக் கேள்வி நம்மோடு ரயில் ஏறி இங்கு வந்திருக்குமானால், அதனை மட்டும் கைவிடுவோம்.

ஒரு வேண்டுகோள்

பெரியவர் வீட்டிலிருந்து திரும்பிய அன்று மாலை, நடந்ததை மகளிடம் கூறினேன். அவள் ஒரு பெரிய தாளை எடுத்து எங்கள் ஊரின் படத்தை வரையத் தொடங்கினாள். தெரு, சந்து, முடுக்கு, சந்தி, ரதவீதி, வாய்க்கால் தடம் என்று ஒவ்வொன்றையும் ஆச்சியைக் கேட்டுக் கேட்டுக் குறித்தாள். நான் 40 ஆண்டுகளாக மறந்திருந்த ஆற்றங்கரைப் பாதை ஒன்றை ஆச்சி சொல்லி அவள் எழுதினாள். ஊரின் ஒரு மூலையில், முன்பு ஒரு பகுதியாருக்கு மூடியிருந்த வழி எது என்றும் கேட்டாள். ஆச்சி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு அதையும் சொன்னார். அதுவும் படத்தில் இருக்கின்றது.

அன்பர்களே! வருகின்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டிலும் இதனைச் செய்து பாருங்கள். ஊரில் தாத்தாவோ பாட்டியோ இருந்தால் தொலைபேசியில் கேட்கலாம். வீட்டிலேயே முதியோர் இருப்பின் அவர்களைப் பிள்ளைகளின் பக்கத்தில் அமர்த்தி வரையச் சொல்லலாம். உங்கள் ஊரில் மட்டும் வழங்கும் சொல் ஏதேனும் கிடைத்தால், ஊர்ப் பெயரோடும் பொருளோடும் ஓர் அஞ்சலட்டையில் எழுதி நம் இதழுக்கு அனுப்புங்கள். அவற்றைத் தொகுத்து வெளியிட்டால், அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும் நம் பிள்ளைகள் வழி கேட்டுத் தயங்கி நிற்க நேராது.